பவுசர் எங்கே நிற்கும், கழிவு எங்கே போகும்?

"பெறுகை" என்ற சொல்லை எமது வாசகியரில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்களோ தெரியாது. அரச அலுவலகங்களில் அது அன்றாடம் புழங்கும் சொல். பொதுப் பணத்தைக் கொண்டு ஒரு பொருளையோ வேலையையோ சேவையையோ வாங்குவதைத்தான் பெறுகை என்கிறார்கள். பாடசாலைக்கு மேசை வாங்குவதும் பெறுகை, வீதிக்குத் தார் போடுவதும் பெறுகை. நாங்கள் பொதுவாக "டெண்டர்" என்று சொல்லிவிட்டு அப்பால் போய்விடுவோம். அது ஒப்பந்தகாரர்களின் அலுவல், ஆண்களின் அலுவல், அதில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்பதே பெரும்பாலான பெண்களின் எண்ணம்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது குடும்பம், சாதி, வறுமை, இடம்பெயர்வு என்று எத்தனையோ தலைப்புகளில் ஒப்படை எழுதினேன். கேள்விப்பத்திரம் பற்றி எவரும் கற்பிக்கவில்லை. ஆனால் களத்தில் வேலை செய்யத் தொடங்கிய பிறகு கண்டது இதுதான்: மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் ஒரு பெண் அதிகாலை எத்தனை மணிக்கு எழும்புகிறாள், எவ்வளவு தூரம் தண்ணீர் சுமக்கிறாள், அவளுடைய கிணற்றுக்குப் பக்கத்தில் யாருடைய மலக்கழிவு கொட்டப்படுகிறது என்பதையெல்லாம் எங்கேயோ ஒரு மேசையில் தட்டச்சு செய்யப்பட்ட ஒரு தாளின் இரண்டு மூன்று வரிகள் தீர்மானிக்கின்றன.

யாழ் குடாநாட்டின் தண்ணீர் பற்றி முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். ஒக்ரோபர் தொடக்கம் டிசம்பர் வரை பெய்யும் மழைதான் எங்கள் சேமிப்பு. அந்த மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, அடியில் இருக்கும் உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் அறிஞர்களின் கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உவராகிவிடும் என்று அதையே திருப்பிப் படிக்கலாம். துலாவால் அள்ளிய காலத்தில் இந்த வில்லைக்குச் சேதமில்லை. மோட்டர் வந்த பிறகுதான் பல கிணறுகளில் உப்புத் தட்டத் தொடங்கியது.

சுண்ணக்கல் தண்ணீரைச் சேமிப்பதுபோலவே கழிவையும் தடுக்காமல் உள்ளே விட்டுவிடும். வயலின் பசளையும் வீட்டு மலக்குழியின் கசிவும் ஒரே வெடிப்பு வழியாகத்தான் கிணற்றுக்கு வருகின்றன. எங்கள் கிணறுகளில் நைத்திரேற்று அதிகம் என்று எழுபதுகள், எண்பதுகளிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது. போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது குருதியில் ஒட்சிசன் செல்வதைத் தடுத்து உடல் நீலம்பாரிக்கச் செய்யும். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று பல தாய்மார் நினைக்கிறார்கள். போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடுமே தவிரக் குறையாது.

அகதி முகாம்களுக்கான சர்வதேச நியமங்களில், மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும், குழியின் அடி நிலநீருக்கு ஒன்றரை மீற்றர் மேலே நிற்க வேண்டும், வெடிப்புள்ள பாறையும் சுண்ணக்கல்லும் உள்ள இடங்களில் தூரத்தை இன்னும் கூட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். வாசிக்க நல்லாயிருக்கும். எங்கள் பெண்களுக்கு இருப்பது இரண்டு பரப்புக் காணி. அது சரிசதுரமாக இருந்தாலும் ஒரு பக்கம் ஏறத்தாழ 22 மீற்றர்தான் வரும். கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் வைத்தால் அந்தக் குழி பக்கத்து வீட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுகிறது.

இனி நான் வேலை செய்த கிராமத்துக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்து விடுவிக்கப்பட்ட இடங்களில் ஒன்று என்பது போதும். 1990 இல் அங்கிருந்து எழும்பிய சனம் மல்லாகம், சுன்னாகம் பக்கத்து நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வளவுகளிலும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தது. இடையில் 1995 ஒக்ரோபர் 30 இரவு முழு வலிகாமத்தோடும் சேர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. அன்று எனக்கு ஏழு வயது. அந்த இரவைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஷெல் சத்தம் அல்ல, தாகம்தான். நாவற்குழிப் பாலத்துக்கு முன்னால் மழை பெய்தபோது அம்மா குடையைக் கவிழ்த்துப் பிடித்துச் சேர்ந்த தண்ணீரை எங்கள் வாயில் ஊற்றினார். இதை வாசிக்கும் பலருக்கும் இப்படி ஒரு தண்ணீர்க் கதை இருக்கும்.

திரும்பிப் போனபோது ஊரில் கிணறுகள் இருந்தன, ஆனால் தண்ணீர் இருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சிலவற்றுக்குள் இடிந்த வீடுகளின் கல்லும் கம்பியும். சிலவற்றின் கட்டை மரவேர் பிளந்திருந்தது. இறைத்துத் துப்புரவாக்கியவற்றிலும் பாதி உவர். ஆகவே உள்ளூராட்சி மன்றம் தனியாரிடமிருந்து இரண்டு சேவைகளை வாங்கியது. ஒன்று பவுசரில் குடிநீர். மற்றது, தற்காலிக மலசலகூடங்களும் முன்பள்ளி, கிளினிக் கட்டடம் ஆகியவற்றின் குழிகளும் நிறைந்தால் வந்து உறிஞ்சிப் போகும் கலி பவுசர். இரண்டுக்கும் விலைமனு கோரி, விலை குறைந்தவரிடம் கொடுத்தார்கள்.

அங்கே ஏறத்தாழ எண்பது குடும்பங்கள். அவற்றில் முப்பதுக்கு மேற்பட்டவை பெண்கள் தலைமை தாங்குபவை. பவுசர் கோயிலடிச் சந்தியில் நின்றது. நேரம் நிச்சயமில்லை. காலை ஆறு மணிக்கும் வந்தது, மத்தியானம் இரண்டு மணிக்கும் வந்தது. கூலிவேலைக்குப் போன பெண்கள் வந்து பார்த்தால் சந்தியில் ஈரம் மட்டும் இருக்கும். ஊரின் கடைசி ஒழுங்கையில் இருந்தவர்களுக்குச் சந்தி முக்கால் கிலோமீற்றருக்கு மேல். இருபது லீற்றர்க் கான் ஒன்று இருபது கிலோ. ஒரு அக்காவுக்கு இடது கால் செயற்கைக்கால். அவர் ஐந்து லீற்றர்க் கானை இரண்டு கையிலும் பிடித்து நான்கு தரம் நடப்பார்.

"பவுசர் வந்திட்டுது எண்டு எல்லாரும் சொல்லுவினம் மிஸ். எங்கட பக்கம் ஒரு நாளும் வரேல்லை. நாங்கள் என்ன, ஊருக்குள்ள இல்லையே?" என்றார் ஒருநாள்.

அந்த ஒழுங்கை ஏன் ஊரின் கடைசியில் இருக்கிறது என்பதும் பவுசர் ஏன் அங்கே போகவில்லை என்பதும் தொடர்பில்லாத விடயங்கள் அல்ல. யாழ்ப்பாணத்தில் கிணறு என்றால் யார் அள்ளலாம், யார் தள்ளி நின்று வார்த்து வாங்க வேண்டும் என்று சாதி பார்த்த காலம் ஒன்று இருந்தது. அது முழுதாகப் போய்விட்டது என்று எவராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். பவுசரை ஓட்டி வந்தவருக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பெரிய வண்டி திரும்பக்கூடிய இடம் சந்திதான், அவர் அங்கே நிறுத்தினார். ஆனால் கோயிலடிக்கு வந்து நிற்பவரின் வரிசையில் யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு என்பதை ஊர் தானாகவே தீர்மானித்துக்கொண்டது.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. பனங்காணி ஒன்றின் ஓரத்தில் விறகு பொறுக்கப் போன பெண்கள் நாற்றம் தாங்காமல் திரும்பி வந்தார்கள். மறுநாள் கூட்டமாகப் போய்ப் பார்த்தபோது தரையில் கனரக வண்டியின் ரயர் அடையாளம். மலக்கழிவைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அங்கிருந்து அடுத்த கிணறு கூப்பிடு தூரம். அந்தக் கிணற்றுக்காரி புருசனையும் மூத்த மகனையும் 2009 இல் இழந்தவர். தென்னம்பிள்ளை நட்டு, பயிற்றங்காய் போட்டு மெல்ல எழும்பிக்கொண்டிருந்தார். "எங்கட குழியில எடுத்ததை எங்கட கிணத்துக்க ஊத்தியிருக்கிறாங்கள்" என்று அவர் சொன்னதைக் கேட்டு அன்று எவரும் சிரிக்கவில்லை.

நாங்கள் மன்றத்துக்குப் போனோம். அங்கிருந்த உத்தியோகத்தர் பொல்லாதவர் அல்ல. "ஒப்பந்தத்தின்படி செய்யினம் மிஸ். நாங்கள் என்ன செய்யிறது?" என்றார். அப்போதுதான் மாதர் சங்கத்துத் தலைவி, "அப்ப அந்த ஒப்பந்தத்தை ஒருக்காக் காட்டுங்கோவன்" என்று கேட்டார். காட்ட மறுத்தார்கள்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது அமைப்பு ஒன்றின் கையில் உள்ள தகவலை எந்தப் பிரசையும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் அதை எழுத்தில் பதிய வேண்டும். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்து அறிவிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதற்கு மேல் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். எங்கள் விண்ணப்பத்தில் ஒப்பமிட்டவர் செயற்கைக்கால் அக்கா. 2018 பெப்ரவரித் தேர்தலில் நான்கிலொரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் மன்றத்துக்கு வந்திருந்த பெண் உறுப்பினர் ஒருவர், அது மேசைக்கு மேசை தூங்காமல் பார்த்துக்கொண்டார். பிரதி கிடைத்தது.

மாமரத்துக்குக் கீழே பாய் விரித்து அதை வாசித்த பின்னேரம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தண்ணீர் பற்றிய வாசகம், "5,000 லீற்றர் கொள்ளளவுள்ள பவுசர் ஒன்றினால் குடிநீர் விநியோகித்தல்" என்று இருந்தது. கொள்ளளவு 5,000. ஆனால் நிரப்பி வரவேண்டும் என்று இல்லை. கிழமைக்கு எத்தனை நாள் என்று இல்லை. எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்கு, தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து, குளோரின் இட்டதா, ஒன்றும் இல்லை. கழிவு பற்றிய வாசகம் இன்னும் சுருக்கம்: குழியிலிருந்து கழிவை அகற்றுதல், ஒரு தடவைக்கு இவ்வளவு. எடுத்ததை எங்கே கொண்டுபோவது என்று ஒரு சொல் இல்லை.

"ஏத்துறதுக்குத்தான் காசு, இறக்கிறதுக்கு இல்லை" என்றார் பின்னால் இருந்த ஆச்சி.

ஒரு தடவைக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால், தூரத்தில் உள்ள அனுமதிக்கப்பட்ட கொட்டுமிடத்துக்குப் போவது ஒப்பந்தகாரருக்கு டீசல் நட்டம். அருகில் உள்ள பனங்காணியில் ஊற்றுவது இலாபம். நேர்மையாக ஓட நினைக்கும் இன்னொருவர் அந்தத் தூரத்தையும் கணக்கிட்டு விலை போட்டிருந்தால், அவர் விலை கூடியவர் என்று தோற்றிருப்பார். அதாவது அந்தத் தாள் கெட்டவனைத் தேடித் தெரிவு செய்வதற்கென்றே எழுதியதுபோல இருந்தது. எழுதியவருக்கு அந்த நோக்கம் இருக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். பழைய தாள் ஒன்றை எடுத்துத் திகதியை மாற்றியிருப்பார்.

அன்று நாங்கள் ஒரு கணக்கும் போட்டோம். அனர்த்த காலத்தில்கூட ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் என்பது சர்வதேச நியமம். வீட்டிலிருந்து 500 மீற்றருக்குள் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்பதும் அதே நியமம். எண்பது குடும்பம், வீட்டுக்கு நாலு பேர் என்றால் 320 பேர், 4,800 லீற்றர். தினமும் நிறைந்து வந்தால் மட்டுமட்டாகக் காணும். வந்ததோ கிழமைக்கு மூன்று நாள். நிறைந்து வந்தது என்றே வைத்தாலும் ஆளுக்கு ஏழு லீற்றர்கூட இல்லை. பத்தாம் வகுப்போடு நின்ற ஒரு தங்கச்சிதான் கையடக்கத் தொலைபேசியில் இந்தக் கணக்கைச் செய்தாள். மன்றக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "சரியாகத்தான் வருகுது" என்று அவர்களே திருப்பிக் கணக்குப் பார்த்தார்கள்.

"விலை குறைஞ்சவருக்குத்தான் குடுக்கலாம், சட்டம் அப்பிடி" என்பது நாங்கள் அதிகம் கேட்ட பதில். அது முழு உண்மை அல்ல. 2006 இன் அரச பெறுகை வழிகாட்டி சொன்னது, கேட்ட நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தவர்களுக்குள் மதிப்பிட்ட விலை குறைந்தவர் என்பதுதான். 2025 சனவரியிலிருந்து புதிய வழிகாட்டிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. என்றாலும் ஒரு விடயம் மாறவில்லை: தாளில் கேட்காத ஒன்றை வைத்து எவரையும் நிராகரிக்க முடியாது. ஆகவே விலை திறக்கும் நாளில் போய்ச் சத்தம் போடுவதில் பயனில்லை. தாள் எழுதும் நாளில்தான் போக வேண்டும். அந்த நாள் எது என்று எவரும் அறிவிப்பதில்லை. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உதவினார். பெண்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பவுசர் நிறைந்து வரவேண்டும், அளவுகோலில் காட்ட வேண்டும். காலை ஆறுக்கும் ஏழரைக்கும் இடையில் வரவேண்டும். சந்தியில் ஒரு தாங்கி, கடைசி ஒழுங்கையில் ஒரு தாங்கி, பவுசர் அவற்றை நிரப்பிவிட்டுப் போகலாம், பெண்கள் வேலையால் வந்தும் எடுக்கலாம். நீர் எடுக்கும் மூலத்தின் பரிசோதனை அறிக்கை ஒப்பந்தத்துக்கு முன்னரும் பின்னர் குறித்த காலத்துக்கு ஒருமுறையும் வேண்டும், குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாங்கியில் மீதிக் குளோரின் 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். கழிவு கொண்டுபோகும் வண்டி, கொட்டுமிடத்தில் திகதி, நேரம், வாகன இலக்கம் போட்ட துண்டு வாங்கி வரவேண்டும், துண்டு இல்லாவிட்டால் அந்தத் தடவைக்குப் பணம் இல்லை. கடைசியாக, பவுசர் வந்ததற்கு ஒப்பமிடுபவர் மன்றத்தில் இருப்பவர் அல்ல, தாங்கியடியில் நிற்கும் சங்கத்துப் பெண்.

இந்தக் கடைசி நிபந்தனைக்குத்தான் அதிக எதிர்ப்பு. "பொம்பிளையளோட ஏன் கரைச்சல்" என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். ஒப்பமிடும் பெண்ணுக்கு ஒரு சிறு கொடுப்பனவு கேட்டோம், அதை வெட்டிவிட்டார்கள். பெண்கள் செய்யும் வேலைக்குக் காசு எதற்கு என்ற பழைய பாட்டுத்தான். மற்றவற்றில் பெரும்பகுதி தாளுக்குள் வந்தது. விலை திறந்தபோது முந்திய வருடத்தைவிட அது கூடுதலாக இருந்தது. மன்றத்தில் சண்டை. அந்தப் பெண் உறுப்பினர் எழும்பி, முன்னர் கொடுத்தது பாதித் தண்ணீருக்கான விலை, இது முழுத் தண்ணீருக்கான விலை என்று சொன்னார். அவருக்கு அன்று கை தட்டியவர்கள் அதிகமில்லை, ஆனால் தீர்மானம் நிறைவேறியது.

தண்ணீர் கெட்டால் பிறகு நீதிமன்றம் போய்ப் பெறலாம் என்று நினைப்பவர்களுக்கு சுன்னாகம் ஒரு பாடம். மின்நிலையப் பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய் கிணறுகளில் மிதந்தது பெரும் பிரச்சினையாக வெடித்தது 2014, 2015 இல். உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது 2019 ஏப்ரல் 4 அன்று. அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. பெரிய வெற்றிதான், வழக்காடியவர்களுக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அத்தனை கிணற்றுக்காரருக்கும் பிரித்தால் ஒரு கிணற்றுக்கு எவ்வளவு வரும்? இடையில் போன வருடங்களில் அந்த வீட்டுப் பெண்கள் தெருவில் பவுசருக்குக் காத்து நின்றார்கள். வலி வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து அங்கே முகாம்களில் இருந்தவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள்.

எங்கள் கிராமத்து ஏற்பாடு கொஞ்சக் காலம் நன்றாக நடந்தது. 2022 இல் டீசல் இல்லாமல் நாடே நின்றபோது அதுவும் நின்றது. ஒப்பந்தகாரர் பழைய விலைக்கு ஓடமுடியாது என்றார். எரிபொருள் விலை ஏறினால் கட்டணத்தை எப்படித் திருத்துவது என்று தாளில் ஒரு வாசகமும் இருக்கவில்லை. எமது பெண்கள் உவர்க் கிணற்றில் குளித்து, நல்ல கிணறு உள்ள இரண்டு வீடுகளுக்கு முறை வைத்துப் போய்க் குடிநீர் எடுத்தார்கள். அந்த இரண்டு வீட்டுக்காரரும் எவரையும் ஒழுங்கை பார்த்துத் திருப்பி அனுப்பவில்லை என்பதைப் பதிய வேண்டும்.

குடாநாட்டுக்குக் குழாய்நீர் கொண்டுவரும் பெரிய திட்டத்தின் கதையும் இதைப் போன்றதுதான், அளவு மட்டும் பெரிது. 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனோடு தொடங்கியபோது இரணைமடுக் குளத்திலிருந்து தண்ணீர் என்றார்கள். கிளிநொச்சி விவசாயிகள் எங்கள் வயலுக்கே காணாது என்றார்கள். அது வருடக்கணக்கில் இழுபட்டது. பிறகு கடல்நீரை நன்னீராக்குவது என்று மாறியபோது வடமராட்சி கிழக்கு மீனவர்கள் உப்புக் கழிவு திரும்பக் கடலுக்கு வருமே என்று பயந்தார்கள். கடைசியில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தரக்கூடிய நிலையம் 2024 ஓகஸ்ட் 2 அன்று திறக்கப்பட்டது. கடல்நீரை இப்படி மாற்ற ஒரு கனமீற்றருக்கு மூன்று நான்கு அலகு மின்சாரம் தேவை. ஆகவே இது ஒருநாளும் மலிந்த தண்ணீர் ஆகாது. அந்தத் தண்ணீருக்காகப் பிரார்த்தித்தவர்களில் நானும் ஒருத்தி, குறை சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் அதே 2010 திட்டத்தில் யாழ் நகருக்கான கழிவுநீர்த் திட்டமும் இருந்தது. அது கைவிடப்பட்டது. வீட்டுக்குள் வரும் தண்ணீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியே போகும் என்பது பொறியியலாளரின் பொதுக் கணக்கு. முன்பு வாளியால் அள்ளி ஊற்றிய இடத்தில் இப்போது குழாய் திறந்தால், குழி அந்தளவுக்கு விரைவாக நிறையும். நிறைந்தால் கலி பவுசர்தான். குழாய் போன ஊர்களில் குடிநீர்ப் பவுசருக்கு வேலை குறையலாம், கலி பவுசருக்கு வேலை கூடும். எமது பெண்கள் சங்கங்கள் இனிக் கவனம் வைக்க வேண்டிய தாள் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

தாங்கியடியில் ஒப்பமிடும் புத்தகம் ஒன்று இருக்கிறது. நாற்பது பக்கப் பாடசாலைக் கொப்பி. அதை எழுதுபவர் செயற்கைக்கால் அக்கா. "வந்தது, 6.20, நிறைய." "வந்தது, 7.50, முக்கால்." "வரவில்லை, அறிவிக்கவில்லை." சில பக்கங்களில் மழைநீர் பட்டு மை கரைந்திருக்கிறது. ஒரு மாதம் மன்றம் ஒப்பந்தகாரரின் சிட்டையை அந்தக் கொப்பியோடு ஒப்பிட்டு, வராத நாலு நாளுக்கும் முக்கால் தாங்கிக்கும் பணம் கழித்தது. அடுத்த நாள் சாரதி வந்து, "அக்கா, முக்கால் எண்டு எழுதமுதல் ஒருக்கா எனக்குக் காட்டுங்கோ" என்று கேட்டாராம். காட்டலாம் என்று இவர் சொல்லியிருக்கிறார்.

கழிவுத் துண்டுகள் சங்கக் கணக்குப் புத்தகத்துக்குள் குண்டூசியால் குத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. பனங்காணியில் பிறகு எவரும் கொட்டவில்லை. அந்தக் கிணற்றை இரண்டு மாரிக்குப் பிறகு பரிசோதித்தபோது நைத்திரேற்று இன்னும் கூடுதலாகத்தான் இருந்தது. கிணற்றுக்காரி அந்தத் தண்ணீரைத் தென்னைக்கு விடுகிறார், குடிக்கத் தாங்கியில் எடுக்கிறார். கடைசி ஒழுங்கைத் தாங்கிக்கு மன்றம் கட்டித் தந்த மேடை வெடித்துப்போயிருக்கிறது. அதைத் திருத்துவதற்கு விலைமனு கோருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், தாள் இன்னும் எழுதப்படவில்லை.